எத்தனை வாட், எவ்வளவு நேரம்? ஆம்பும் ஸ்பீக்கரும் எரிகிற கணக்கு

"பாக்ஸ் 300 வாட், ஆம்ப் வெறும் 100 வாட்தான், அப்படியும் ட்வீட்டர் போயிடுச்சு." ஸ்பீக்கருக்குக் காயில் மாற்றும் கடைகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. நேர் எதிரான புகாரும் அதே கடைக்கு வரும்: "பாதி வால்யூம்கூட வைக்கல, உஃபர் காயில் உரசுது." ஆம்ப் என்பது ஒலி அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். ட்வீட்டர் மேல் ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர், உஃபர் பேஸ் எனும் கீழ் ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கர், காயில் அவற்றின் கோனை ஆட்டும் கம்பிச் சுருள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் நம்பியது பாக்ஸின் பின்னால் அச்சடித்திருக்கும் ஒரே எண்ணை. எவ்வளவு சக்தி என்பதை அந்த எண் சொல்கிறது. எவ்வளவு நேரத்துக்கு, எந்த அதிர்வெண்ணில், எப்படிப்பட்ட ஒலிக்கு என்பதைச் சொல்வதில்லை. எரிவதும் கிழிவதும் அந்தச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான்.

பெரிய சவுண்ட் செட் ஒன்றில் ஒவ்வொரு பாகமும் கெட்டுப்போக எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. பவர் டிரான்சிஸ்டருக்கு சில மில்லி நொடி போதும். உஃபரின் கோன் எல்லை தாண்டி அடிபட ஒரே ஒரு பேஸ் அடி போதும். ட்வீட்டர் காயிலுக்கு ஒன்றிரண்டு நொடி. உஃபர் காயிலுக்கு அதைவிட அதிகம். மேக்னெட்டும் ஹீட் சிங்கும் சூடேறி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகும். எந்தப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது காப்பாற்ற வேண்டிய பொருளைவிட வேகமாக வேலை செய்யுமா என்பதுதான். ஃபியூஸ் இருக்கிறது, ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே இருக்கிறது, எல்லை மீறும் அலையை அமுக்கும் லிமிட்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எல்லாம் இருந்தும் ஸ்பீக்கர் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்வி கேட்கப்படாததே.

அச்சடித்த எண்ணின் பொருள்

முறையாகத் தயாரிக்கும் ஸ்பீக்கர்களின் விவரத்தாளில் மூன்று எண்கள் இருக்கும். உதாரணமாக 400, 800, 1600. முதல் எண் ஏ.இ.எஸ். அல்லது ஆர்.எம்.எஸ்., இரண்டாவது புரோகிராம், மூன்றாவது பீக். ஏ.இ.எஸ். என்ற ஆடியோ பொறியாளர் சங்கம் 1984-ல் வெளியிட்ட சோதனை முறைப்படி, பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை ஸ்பீக்கருக்கு 2 மணி நேரம் கொடுப்பார்கள். அந்த இரைச்சலின் உச்சம் அதன் சராசரியைவிட 6 டெசிபல் உயரமாக இருக்கும். அதாவது உச்ச சக்தி சராசரியைப் போல 4 மடங்கு. 2 மணி நேரம் கழித்தும் நிரந்தரமான கெடுதி இல்லாமல் ஸ்பீக்கர் தாங்கினால், அந்தச் சராசரிதான் முதல் எண். புரோகிராம் என்பது அதை 2-ஆல் பெருக்கியது, பீக் என்பது 4-ஆல் பெருக்கியது. மூன்றும் தனித்தனிச் சோதனையில் வந்தவை அல்ல.

கடைகளில் ஒரு காலத்தில் நிறையப் பார்த்த பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) எண்ணுக்கு இப்படி எந்தச் சோதனையும் பின்னால் கிடையாது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்ததற்குக் காரணம் அதுதான். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இப்படி மனம்போல வாட் எழுதுவதைத் தடுக்க 1974-லேயே அரசு விதி கொண்டுவந்தது.

கொடுக்கும் வாட் எங்கே போகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 92 டெசிபல் தரும் சாதாரண உஃபரின் திறன் ஏறக்குறைய 1 சதவீதம். 100 வாட் கொடுத்தால் 1 வாட் ஒலியாகிறது. மிச்சம் 99 வாட்டும் விரல் அகலக் காயிலுக்குள் வெப்பமாகிறது. குழாய் ஒலிபெருக்கியின் யூனிட் இதைவிடத் திறமையானது; அதனால்தான் குறைந்த வாட்டில் அவ்வளவு தூரம் கேட்கிறது. ஆனால் அதன் காயிலும் மெல்லியது.

வெப்பம் ஏறும் வேகம் காயிலின் எடையைப் பொறுத்தது. அடுப்பில் தாளிப்புக் கரண்டி நொடியில் காய்ந்துவிடும், அண்டா காய நேரமாகும். ட்வீட்டருக்கும் 18 அங்குல உஃபருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 300 வாட் என்று எழுதிய பாக்ஸில் அந்த 300-ஐத் தாங்குவது பெரும்பாலும் உஃபர். உள்ளே இருக்கும் ட்வீட்டரைத் தனியாகச் சோதித்தால் தாங்குவது பல சமயம் 20, 30 வாட்தான். சாதாரண இசையில் மேல் அதிர்வெண்களின் பங்கு சிறியது என்பதால் அது போதும் என்று வடிவமைப்பாளர் கணக்கிட்டிருக்கிறார். இசை சாதாரணமாக இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி.

சிறிய ஆம்ப் எப்படிப் பெரிய பாக்ஸை எரிக்கிறது

8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். சைன் அலையில் அது 28.3 வோல்ட் தரும், உச்சம் 40 வோல்ட். உச்சிக்கும் சராசரிக்கும் 13 டெசிபல் இடைவெளி உள்ள ஒரு பாட்டை, ஆம்ப் தன் எல்லையைத் தொடுவதைக் காட்டும் கிளிப் விளக்கு எரியாத அளவுக்கு வைத்தால், ஸ்பீக்கருக்குச் சராசரியாகப் போவது 10 வாட் மட்டுமே. ஆம்ப் 100 வாட், பாட்டு 10 வாட். இது பலரும் எதிர்பார்க்காத எண், ஆனால் கணக்கு இதுதான்.

இப்போது கூட்டம் கூடுகிறது, சத்தம் போதவில்லை என்கிறார்கள், வால்யூமை ஏற்றுகிறோம். ஆம்ப்பால் 40 வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது, இதுதான் கிளிப்பிங். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுர அலையாகிவிட்டால் அதே ஆம்ப் ஏறக்குறைய 200 வாட் தரும், ஏனென்றால் 40-ன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் 200. ஆக 10 வாட் சராசரியிலிருந்து 200 வாட்டை நோக்கி ஏறுகிற பாதை அந்த ஒரு குமிழில் இருக்கிறது.

தட்டையான தலை என்பது டி.சி. (ஒரே திசை மின்சாரம்), அந்த டி.சி.தான் காயிலை எரிக்கிறது என்ற விளக்கம் ரொம்பக் காலமாகச் சுற்றி வருகிறது. அது தவறு. மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்ட அலையின் சராசரி வோல்ட்டேஜ் பூஜ்யம்தான். அப்படியே சிறிது டி.சி. இருந்தாலும், ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் அதைத் தடுத்துவிடும். ட்வீட்டரை எரிப்பவை வேறு இரண்டு. ஒன்று, வெட்டுப்பட்ட பேஸ் அலையிலிருந்து பிறக்கும் மேல் அதிர்வெண்கள். பாக்ஸுக்குள் மேல், கீழ் அதிர்வெண்களைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் அவற்றை ட்வீட்டருக்குத்தான் அனுப்பும். இன்னொன்று, இதுவே பெரியது என்று நான் நினைக்கிறேன்: பேஸ் ஏற்கெனவே உச்சியைத் தொட்டுவிட்டதால் மேலே ஏற முடியாது, ஆனால் ஹைஹாட், ஜால்ரா போன்ற சிறிய மேல் ஒலிகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது. வால்யூமை 10 டெசிபல் கூடுதலாக ஏற்றினால் பேஸ் அங்கேயே நிற்கும், ட்வீட்டருக்குப் போகும் சக்தி மட்டும் ஏறக்குறைய 10 மடங்காகும். 2 வாட் வாங்கிக்கொண்டிருந்த ட்வீட்டர் 20 வாட் வாங்கும், அதுவும் விடாமல்.

கிளிப்பிங் ஆம்ப்பில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. மிக்சரின் சேனல் கெயின் (பெருக்கும் அளவு) அதிகமாகி அங்கேயே அலை வெட்டுப்பட்டால், ஆம்ப்பின் கிளிப் விளக்கு எரியவே எரியாது. ஆம்ப் தனக்கு வந்த சதுர அலையை அப்படியே உண்மையாகப் பெருக்கிக் கொடுக்கும். விளக்கு எரியவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே காயில் வேகும். லேப்டாப்பிலிருந்தோ மொபைலிலிருந்தோ முழு வால்யூமில் எடுத்து மிக்சரைத் திணறடிப்பது இதில் அடிக்கடி நடப்பது.

மைக் ஊளையிடுவது இதைவிட மோசம். பாட்டில் உச்சமும் பள்ளமும் இருக்கும், காயில் ஆற இடைவெளி கிடைக்கும். ஊளை என்பது ஒரே அதிர்வெண்ணில், இடைவெளியே இல்லாமல், ஆம்ப்பின் முழுச் சக்தி. அந்த அதிர்வெண் 3,000, 4,000 ஹெர்ட்ஸில் அமைந்துவிட்டால் மொத்தமும் ட்வீட்டருக்கு அல்லது ஹார்ன் யூனிட்டுக்குத்தான். திருவிழாவில் யார் யாரோ மைக்கைக் கையில் வாங்கி பாக்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில் போன யூனிட்டுகள் நிறைய.

பெரிய குழுக்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1973 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அரங்கில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு தன் புதிய ஒலி அமைப்பை முதல்முறை இயக்கியது. முதல் பாட்டு தொடங்கியதுமே ட்வீட்டர்கள் எல்லாம் போயின. அடுத்த ஆண்டு அவர்கள் மேடையேற்றிய 'ஒலிச் சுவர்' அமைப்பில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர். மொத்தம் 26,000 வாட்டுக்கும் மேல். அந்தப் பிரிப்பால் ஒரு கிடாரின் உச்சம் பாடகரின் குரலுக்கான ஆம்ப்பைத் திணறடிக்க வழியில்லை. இன்று நாம் ஆம்ப்புக்கு முன்னாலேயே அதிர்வெண்களைப் பிரிக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவர் வைத்து பேஸுக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் என்று பிரிப்பதிலும் இதே நன்மை இருக்கிறது. பேஸ் ஆம்ப் கிளிப் ஆனாலும் அதில் பிறக்கும் மேல் அதிர்வெண்களுக்கு ட்வீட்டருக்குப் போக பாதையே கிடையாது. கொஞ்சம் பெரிய செட் வைத்திருப்பவர்கள் பணம் செலவழிக்க நினைத்தால் முதலில் இதற்குச் செலவழிக்கலாம்.

ஃபியூஸும் பல்பும்

ஸ்பீக்கருக்கு ஃபியூஸ் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஃபியூஸும் வெப்பத்தில்தான் அறுகிறது. தன் அளவுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் போனால்கூட ஃபியூஸ் பல நொடிகள், சில வகைகளில் நிமிடக்கணக்கில் நிற்கும். பாட்டின் உச்சங்களில் அறுந்துவிடாத அளவுக்குப் பெரிய ஃபியூஸ் போட்டால், ட்வீட்டர் எரிந்த பிறகும் அது முழுசாக இருக்கும். சிறியதாகப் போட்டால் நல்ல பாட்டிலேயே அறுந்துகொண்டிருக்கும்; வெறுத்துப்போய் யாராவது ஒரு செம்புக் கம்பி இழையைச் சுற்றிவிடுவார்கள். அதன்பிறகு அங்கே ஃபியூஸ் இல்லை என்றே அர்த்தம்.

பொது நிகழ்ச்சிகளுக்கான பழைய பி.ஏ. பாக்ஸ்களைத் திறந்தால் கிராஸ்ஓவர் போர்டில் ஒரு சிறிய பல்பு இருப்பதைப் பார்க்கலாம். வெளிச்சத்துக்காக வைத்தது அல்ல அது. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு முழு வெளிச்சத்தில் 7 ஓம் காட்டும், அணைந்திருக்கும்போது 1 ஓமுக்கும் குறைவு. ட்வீட்டருடன் தொடரில் போட்டால், சாதாரண அளவில் பல்பு இருப்பதே தெரியாது. அளவு மீறும்போது இழை சூடேறித் தடை கூடி, ட்வீட்டருக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். சத்தம் குறைந்ததும் தானாக ஆறும். மெல்லிய இழை என்பதால் ட்வீட்டர் காயிலின் வேகத்துக்கு ஈடுகொடுக்கிறது. இவ்வளவு மலிவில், எந்தச் சரிசெய்தலும் கேட்காமல், சரியான வேகத்தில் வேலை செய்யும் பாதுகாப்பு வேறு அதிகம் இல்லை. பாலிஸ்விட்ச் எனப்படும், சூட்டில் தடை கூடும் பாகமும் இதே வேலையைச் செய்யும். ஒருமுறை அறுத்துக்கொண்டால் ஆறித் திரும்ப நேரமாகும், அவ்வளவுதான்.

கோனின் எல்லை

இதுவரை பேசியது வெப்பம். உஃபருக்கு இன்னொரு ஆபத்து உண்டு, அது வாட்டைப் பார்த்து வருவதே இல்லை. ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகும்போது கோன் நகர வேண்டிய தூரம் 4 மடங்காகிறது. 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் நகரும் கோன் 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். துளை வைத்த பாக்ஸ் என்றால், அது டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே பாக்ஸுக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து வைப்பதில்லை. கோன் காற்றில் தொங்குவதுபோல ஆடும், காது கேட்கும் சத்தமோ கொஞ்சம்தான். பாதி வால்யூமில் உஃபர் போனவரின் கதை பெரும்பாலும் இதுவாக இருக்கும். காயில் பின்தட்டில் 'டக் டக்' என்று மோதினால் உருளை நசுங்கி, பிறகு இடைவெளியில் உரசத் தொடங்கும்.

மைக் கீழே விழுவது, மைக்கில் ஊதிப் பார்ப்பது, மேடையில் குதிப்பது, டி.ஜே. பாட்டுகளில் வரும் 30 ஹெர்ட்ஸ் பேஸ் எல்லாம் இதைச் செய்யும். இதற்கு லிமிட்டரைவிட முக்கியமானது, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். பாக்ஸ் 45 ஹெர்ட்ஸில் டியூன் செய்யப்பட்டிருந்தால், 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வெட்டிவிட வேண்டும். கேட்கிற பேஸ் குறையாது. பேச்சு மைக்குகளுக்கு மிக்சரிலேயே 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வெட்டும் பட்டன் இருக்கும், அதை எப்போதும் அழுத்தி வைப்பது நல்லது. நீண்ட ஒயரில், டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பல குழாய் ஒலிபெருக்கிகளை இணைக்கும் 100 வோல்ட் லைனுக்கும் இது பொருந்தும்: ஆழமான பேஸ் போனால் லைன் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நிறைவடைந்து, ஆம்ப்புக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரித் தெரியும்.

சூடாகச் சூடாகக் குறையும் சத்தம்

செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடுகிறது. காயில் 200 டிகிரி சூடேறினால் 6 ஓம் தடை 10 ஓமைத் தாண்டும். ஆம்ப் அதே வோல்ட்டேஜைக் கொடுத்தாலும் உள்ளே போகும் மின்னோட்டம் குறைகிறது, சத்தமும் குறைகிறது. இரவு 7 மணிக்குச் சரியாக இருந்த சத்தம் 9 மணிக்கு மந்தமாகத் தோன்றுவதில் காதின் களைப்புக்கும் பங்கு உண்டு, இதற்கும் பங்கு உண்டு. ஆப்பரேட்டர் என்ன செய்வார்? ஏற்றுவார். ஏற்றினால் இன்னும் சூடு, இன்னும் மந்தம். இந்தச் சுழலில்தான் உஃபர்கள் நிகழ்ச்சியின் கடைசி ஒரு மணி நேரத்தில் போகின்றன.

காது இரண்டு மடங்கு என்று உணரும் சத்தத்துக்கு 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட் வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. இருக்கிற பாக்ஸைப் பிழிந்து அந்த 3 டெசிபலை எடுப்பதைவிட, பக்கத்தில் இன்னொரு பாக்ஸ் வைப்பது மேல். ஆனால் பாக்ஸைக் கூட்டும்போது ஆம்ப்பைப் பார்க்க வேண்டும். அங்கே இன்னொரு கணக்கு தொடங்குகிறது.

ஆம்ப்பின் பக்கம்

8 ஓம் பாக்ஸ் இரண்டை பேரலலில் போட்டால் 4 ஓம், நான்கு போட்டால் 2 ஓம். ஒவ்வொரு பாதியாதலிலும் மின்னோட்டம் இரட்டிக்கிறது. இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே பாக்ஸை ஓட்டும் பிரிட்ஜ் முறையில் 8 ஓம் பாக்ஸை ஒவ்வொரு சேனலும் 4 ஓமாகப் பார்க்கும். அங்கே 4 ஓம் மாட்டினால் 2 ஓமாக. பாக்ஸில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அதிர்வெண்களில் அது 6.4 ஓம்வரை இறங்கலாம், சர்வதேசத் தரவிதியே அதை அனுமதிக்கிறது. 100 வோல்ட் லைனில் ஓம் கணக்கு தேவையில்லை, வாட் கூட்டல் போதும்: லைன் டிரான்ஸ்ஃபார்மரின் 30 வாட் இணைப்பில் 10 குழாய் என்றால் 300 வாட், 250 வாட் ஆம்ப்புக்கு அது ஓவர்லோடு.

நம் ஊரில் அசெம்பிள் செய்யும் பவர் ஆம்ப்களில் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி இல்லாத போர்டு அபூர்வம். டோஷிபா கொடுத்த விவரத்தாளில் அதன் சக்தி 150 வாட். அந்த 150, உறையின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது. உறை 75 டிகிரி ஆனால் 90 வாட்தான், 150 டிகிரியில் பூஜ்யம். ஹீட் சிங்க், மைக்கா, பேஸ்ட், ஃபேன் எல்லாம் இந்த ஒரு எண்ணைக் காப்பாற்றத்தான். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் டிரான்சிஸ்டர் வாங்கிய காசில் பாதி வீண். போலி டிரான்சிஸ்டர் என்றால் கதையே வேறு. உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு அசலைவிட ரொம்பச் சிறியதாக இருக்கும், எந்தப் பாதுகாப்புச் சர்க்யூட்டும் அதை எதிர்பார்த்து அமைக்கப்படவில்லை.

வெப்பம் மெதுவான ஆபத்து. வேகமான ஆபத்து ஷார்ட். ±60 வோல்ட் சப்ளையில் ஸ்பீக்கர் ஒயர் ஒட்டிக்கொண்டால், 15 ஆம்பியர் ஓடினாலே 900 வாட் டிரான்சிஸ்டருக்குள் இறங்கும். சிலிக்கானில் மின்னோட்டம் ஒரே புள்ளியில் குவிந்து அங்கே ஓட்டை விழ மில்லி நொடிகள் போதும். எனவே இங்கே காப்பது ஃபியூஸ் அல்ல, வி.ஐ. லிமிட்டர் எனப்படும் சிறிய சர்க்யூட். எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜிலிருந்து மின்னோட்டத்தையும், டிரான்சிஸ்டரின் குறுக்கே உள்ள வோல்ட்டேஜையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் சேர்ந்து எல்லை மீறினால் டிரான்சிஸ்டரின் பேஸ் (base) காலுக்கு வரும் டிரைவைத் திருப்பிவிடும். கஷ்டம் என்னவென்றால் ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் இல்லை. அதில் வோல்ட்டேஜும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஷார்ட்டே இல்லாமல், வெறும் இசையிலேயே லிமிட்டர் தவறாக இறங்கி, கூர்மையான வெட்டுச் சத்தத்தை உண்டாக்கலாம். அது ட்வீட்டருக்கு நல்லதல்ல. இறுக்கமாக வைத்தால் ஒலி கெடும், தளர்த்தினால் டிரான்சிஸ்டர் போகும்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் கிரவுன் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் சிலிக்கானின் வெப்பத்தை நேரடியாக அளக்க முடியாது. எனவே வோல்ட்டேஜ், மின்னோட்டம், ஹீட் சிங்க் வெப்பம் மூன்றையும் வைத்து அந்த வெப்பம் இப்போது எவ்வளவு இருக்கும் என்று தொடர்ந்து கணக்கிடும் சர்க்யூட்டை ஆம்ப்பிலேயே வைத்தார்கள். குளிர்ந்த ஆம்ப் சிறிது நேரம் அதிகம் கொடுக்கலாம், சூடான ஆம்ப் கொடுக்கக் கூடாது. நிலையான ஒரு எல்லைக்குப் பதிலாக நேரத்தோடு நகரும் எல்லை.

ஷார்ட் ஆவதற்கு வழியே வைக்காமல் இருப்பது இன்னும் சுலபம். சாதாரண ஃபோன் ஜாக் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு கணம் ஷார்ட் ஆகும். ஸ்பீக்கான் கனெக்டரில் அது நடக்காது.

டி.சி. என்கிற உண்மையான ஆபத்து

கிளிப்பிங்கில் இல்லாத டி.சி., ஆம்ப் போகும்போது நிஜமாகவே வரும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளையின் 60 வோல்ட்டும் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. 6 ஓம் காயிலில் 10 ஆம்பியர், 600 வாட், இடைவெளியே இல்லாமல். கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு நின்றுவிடும். அசைவு இல்லாததால் காற்றும் ஓடாது. சில நொடிகளில் புகை, விட்டால் பாக்ஸே தீப்பிடிக்கும். ஒரு டிரான்சிஸ்டரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு நான்கு உஃபரில் போய் நிற்பது இப்படித்தான்.

இதற்குத்தான் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு. யூபிசி1237 என்ற எட்டுக் கால் ஐ.சி. வைத்த போர்டுகள் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கின்றன. ஆன் செய்ததும் சில நொடி கழித்து ரிலேவை இணைக்கும், அதனால் 'டம்' சத்தம் பாக்ஸுக்குப் போகாது. டி.சி. தெரிந்தால் பிரிக்கும். மின்சாரம் போனால் உடனே பிரிக்கும்.

ஆனால் ரிலேவின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏ.சி., 30 வோல்ட் டி.சி. என்றிருக்கும். ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட் திறக்கும்போது வரும் தீப்பொறி தானே அணைந்துவிடும். டி.சி.க்கு அந்தப் பூஜ்யம் இல்லை. 60 வோல்ட்டில் காண்டாக்ட் திறந்தாலும் நடுவில் தீப்பொறி வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கலாம், ரிலே உருகி ஒட்டிக்கொள்ளலாம். போர்டு தன் வேலையைச் செய்தும் ஸ்பீக்கர் எரியும்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய ஒயரிங் இருக்கிறது. ரிலேயின் நகரும் காண்டாக்டை ஸ்பீக்கருக்கும், சாதாரணமாகத் திறந்திருக்கும் காண்டாக்டை ஆம்ப்புக்கும், சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்டைக் கிரவுண்டுக்கும் கொடுப்பது. ரிலே பிரியும்போது ஸ்பீக்கர் கிரவுண்டோடு சேர்ந்துவிடும். தீப்பொறி தொடர்ந்தாலும் அந்த மின்னோட்டம் காயிலை விட்டுக் கிரவுண்டுக்குப் போய் சப்ளை ஃபியூஸை அறுக்கும். ஃபியூஸ் சரியான வேகத்தில் உதவும் இடம் இது. ±60-க்கு மேற்பட்ட சப்ளை என்றால் இரண்டு மாஸ்ஃபெட்டுகளை எதிரெதிராக வைத்த ரிலே போர்டு வாங்குவதே உத்தமம், அதில் தீப்பொறியே இல்லை.

லிமிட்டரை எங்கே நிறுத்துவது

டி.எஸ்.பி. (டிஜிட்டல்) கிராஸ்ஓவர் வைத்திருப்பவர்கள் பலர் லிமிட்டரைத் தொடுவதே இல்லை, அல்லது விளக்கு எரியும் அளவுக்கு உத்தேசமாக வைக்கிறார்கள். கணக்கு கடினமில்லை. 8 ஓம், 500 வாட் ஏ.இ.எஸ். உஃபர் என்றால் 500-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 63 வோல்ட். ஆம்ப்பின் கெயின் 32 டெசிபல், அதாவது 40 மடங்கு என்றால் ஆம்ப் உள்ளீட்டில் 1.58 வோல்ட். ஆர்.எம்.எஸ். லிமிட்டரின் எல்லை அங்கே. இது வெப்பத்துக்கு, மெதுவாக வேலை செய்தால் போதும். பீக் லிமிட்டர் அதைப் போல இரண்டு மடங்கு வோல்ட்டில். இது கோனுக்கும் கிளிப்பிங்குக்கும், உடனே பிடிக்க வேண்டும். சப் உஃபருக்கு அட்டாக் நேரம் (லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம்) சில பத்து மில்லி நொடி இருக்கலாம், அதைவிட வேகமாக்கினால் பேஸ் அலையையே உருக்குலைக்கும். ட்வீட்டருக்கு 1 மில்லி நொடிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒரே எண்ணை எல்லா பேண்டுக்கும் போடுவது இரண்டில் ஒன்றைக் கெடுக்கும்.

இரவு முழுக்க இறுக்கமாகக் கம்ப்ரஸ் செய்த பாட்டுகள் ஓடும் இடங்களில் ஆர்.எம்.எஸ். எல்லையை ஏ.இ.எஸ். எண்ணின் பாதி வாட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இழப்பது 3 டெசிபல். ஏ.இ.எஸ். சோதனை 2 மணி நேரம், திருவிழா அப்படியில்லை.

கணக்கை வைத்த பிறகு ஆம்ப்பின் குமிழை யாரும் தொடக் கூடாது. லிமிட்டர் ஆம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் இருக்கும் கெயின் மாறினால் 63 வோல்ட் என்ற எண் பொய்யாகிவிடும். குமிழைக் கழற்றிவிடுபவர்களும், டேப் ஒட்டிவிடுபவர்களும் உண்டு, இரண்டும் நல்ல பழக்கம்.

கரண்டு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திருவிழாவுக்கு இழுத்த தற்காலிக மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்வரை வரலாம். ஆம்ப்பின் உள்ளே இருக்கும் எந்த லிமிட்டருக்கும் அதில் வேலையில்லை. அதிக வோல்ட்டேஜில் துண்டிக்கும் கருவி ஆம்ப் ரேக்குக்கு வரும் லைனிலேயே இருக்க வேண்டும்.

புரொடெக்‌ஷன் போர்டைச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை. ஆம்ப் போர்டிலிருந்து வரும் ஒயரையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுத்து, ரிலே இணையும்வரை காத்திருந்து, அதன் உள்ளீட்டில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். ரிலே உடனே பிரிய வேண்டும். அப்புறம் பேட்டரியைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை. ஒரு பக்கம் மட்டும் பிரிகிற போர்டுகளும் கைக்கு வரும். அவை பாதி நேரம்தான் காப்பாற்றும், மாற்றிவிட வேண்டியவை. ரிப்பேர் ஆன ஆம்ப்பை முதல்முறை ஆன் செய்யும்போது 100 வாட் பல்பு போட்ட சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுத்து, அவுட்புட்டில் மல்டிமீட்டரால் டி.சி. பாருங்கள். சில பத்து மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம்.